கதையில் செத்த அக்கா

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. வீட்டில் இருக்கிற ஆளையே பிடித்து அச்சில் வார்த்துவிடுவான். குடிகார மாமா, கொடுமைக்கார மாமியார், தியாகி அக்கா. அக்கா என்றால் கல்யாணம் கட்டியிருக்கக் கூடாது, தம்பியைப் படிக்க வைத்திருக்க வேண்டும், கடைசிப் பத்தியில் செத்துப்போக வேண்டும். அப்போதுதான் வாசகன் அழுவான்.

சாவு ஒன்றைத் தவிர என் அக்காவும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், என்னோடுதான் இருக்கிறாள். போன வருஷம் 'நான்' சொல்வதாக ஒரு கதை எழுதி, அவளைச் சீவலப்பேரி ஆற்றோடு விட்டேன். வரப்போவதை முன்கூட்டியே காட்டுகிற உத்தி என்று முதல் வரியிலேயே ஒற்றைச் செருப்பை வேறு மிதக்கவிட்டேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு.

பத்திரிகை வந்த வாரமே ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அத்தை துட்டி கேட்க, அதாவது சாவு விசாரிக்க, வந்துவிட்டாள். 'நான்' என்று எழுதியிருந்தால் அவளுக்கு அது நானேதான். துட்டியைப் போனில் கேட்பது மரியாதை இல்லை என்று நேரே பஸ் ஏறியிருக்கிறாள். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடலியே, பாவி" என்று அழுதுகொண்டே கதவைத் தட்டினாள். திறந்தது அக்கா. அத்தை அங்கனயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் தெளிந்ததும் காப்பி குடித்தாள், என்னை ஆசை தீர ஏசினாள். கிளம்பும்போது மட்டும், சாவு வீட்டில் செய்கிற மாதிரி, போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் இறங்கிப் போனாள். பழக்க தோஷம்தான். அக்கா வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றாள்.

அதற்கப்புறம்தான் அவள் அந்தக் கதையைப் படித்தாள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் நிம்மதி போயிற்று. அடுக்களையில் அவள் இருமினால் திடுக்கென்கிறது. சின்ன வயசு அக்காவை நினைக்கப் போனால், நான் உண்டாக்கினவள் ஈரச் சேலையோடு வந்து நிற்கிறாள். சொல்ல என்ன வெட்கம், பயமாகத்தான் இருந்தது.

நேற்று சாயங்காலம் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். "கொன்னுட்டேம்னு கோவமாக்கா?"

"சாவு என்னலே சாவு, எல்லாரும்தான் சாவுதோம். கதையில அவ ஒண்ணுக்குமே ஆசைப்படலியே. அதான் சங்கடமா இருக்கு."

"நீ ஆசைப்பட்டியா?"

"ஒருத்தரு கேட்டாரு. எனக்கும் இஷ்டம்தான். தம்பி படிச்சு முடிக்கட்டும்னேன். நீ முடிக்கதுக்குள்ள அவருக்கு வேற எடத்துல முடிச்சுட்டாவ."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சோறு தின்றிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. யாருக்கா அவரு என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன்லே," என்றாள் அக்கா. "நீ அவரையும் எழுதிருவே."