இரண்டு டிகிரி

என் தங்கையிடம் நிலாவைக் கழற்றிக் கொடுத்தால்கூடத் துடைத்து, எண்ணெய் விட்டு, சத்தமில்லாமல் சுற்றும்படி மாட்டித் தருவாள். சரி, கொஞ்சம் அதிகம்தான். நிலா இப்போதும் சத்தம் போடுவதில்லை. ஆனால் கப்பல் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் அவளுக்குத் திருகாணி என்று பெயர் வந்தது சும்மா அல்ல. பேசும்போதுகூட வாயோரம் ஒரு திருகாணி இருக்கும்.

அவள் கணவர் கப்பல் அதிகாரி. ஓய்வு பெற்ற பிறகும் நண்பகலில் அலைதடுப்புச் சுவரில் போய் நிற்பார். செக்ஸ்டன்ட் என்ற பித்தளைக் கருவியின் கண்ணாடிகளில் சூரியனை இறக்கி, அடிவானத்தின் மேல் உட்கார வைப்பார். அந்தக் கோணத்தைப் படித்துக் கணக்குப் போட்டு, உலகத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பார்.

"வீட்டுக்குப் பக்கத்துலதான் நிக்கறீங்க மாப்பிள்ளை. இதுக்குச் சூரியனைக் கூப்பிடணுமா?" என்பேன்.

"நீங்க சொன்னா நம்ப முடியாதே அண்ணி. சூரியன் கதை விடாது."

பக்கவாதம் வந்து போனதிலிருந்து அவருக்குக் கை நடுக்கம். சூரியனைப் பிடித்துவிடுவார், மயிரிழைக் கோடுகளைப் படிக்கக் கருவியை இறக்குவதற்குள் விரல் பட்டுக் கோணம் நகர்ந்துவிடும். திருகாணிக்குப் பொறுக்கவில்லை. கருவியின் நகரும் கையில் கோணத்தை அளக்கும் மின்னணு உணரி ஒன்றைப் பொருத்தி, எண் பெரிதாகத் தெரியும் திரையும் வைத்தாள். பொத்தானைத் தட்டினால் எண் அப்படியே நிற்கும்.

"பூஜ்யம் சரியா இருக்கான்னு பாக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

"அந்தத் தொல்லையே இல்ல. ஸ்விட்ச் போட்டதும் அதுவே பூஜ்யத்துலேர்ந்து எண்ணும்."

முதல் நாள் கணக்குப்படி அவர் நின்ற இடம் நடுக்கடல். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் கடல்தான்.

"மெஷின்ல கோளாறோ என்னவோ," என்றேன்.

"அவ கை வெச்சது தப்பாகாது அண்ணி. மண்டைக்குள்ளதான் ஏதோ கழண்டுடுச்சு."

அதன்பின் சுவருக்குப் போகவில்லை. தொலைத்துவிடுவேன் என்று வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். பேச்சின் நடுவே நிறுத்தி, சரியாகத்தான் சொல்கிறேனா என்று எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

பட்டறை மேசையில் திருகாணி எத்தனை முறை சோதித்தாலும் அளவு சரியாகவே வந்தது. வராதா பின்னே? அவள் கருவியின் நகரும் கையைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு ஸ்விட்ச் போடுகிறவள். அவரோ, தூக்கிப் பிடித்தால் நடுங்குகிறதே என்று, கருவி பெட்டிக்குள் கிடக்கும்போதே போட்டுவிடுவார். அந்தப் பெட்டியில் கையை இரண்டு டிகிரி தள்ளி வைத்தால்தான் மூடி மூடும். உணரி அதையே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. கணக்கில் அந்த இரண்டு டிகிரி இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

இதை அவள் கண்டுபிடித்தபோது அவர் இல்லை. தன் தலைக்கு ஒன்றுமில்லை என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

"அப்படி எழுதாதக்கா," என்றாள், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த திருகாணி. "அவர் இருக்கும்போதே கண்டுபிடிச்சேன். பெட்டியைத் திறந்து, ஸ்விட்ச் போட்டும் காட்டினேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என்னைத் தேத்தறதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்காதம்மா'ன்னார். கடைசி வரைக்கும் நம்பவே இல்ல."