அறுத்த கோணி

யுத்த காலத்தில் துணிக்குக் கண்ட்ரோல் வந்தது. திண்டிவனத்துக் கடை வாசலில் வரிசையில் நின்ற அம்மா வெறுங்கையோடு திரும்பினாள். எங்களிடம் ஆளுக்கு ஒரு சீலைதான் இருந்தது. கிழித்துக்கொள்ளப் பழைய சீலை இல்லை. நான் வயதுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

அம்மாவும் நானும் மல்லாட்டைக் கிடங்கில் கடலைத் தோல் உரித்தோம். அன்று நடுப்பகலில் எனக்குத் தீட்டு வந்துவிட்டது. தீட்டுக்காரி மல்லாட்டையைத் தொடக்கூடாது என்பது முதலாளி வீட்டுக் கட்டளை. தெரிந்தால் இருவரையும் துரத்திவிடுவார்கள். மூலையில் கிடந்த கோணியின் அடிப்பக்கத்தை அம்மா மூட்டை தைக்கிறவனின் கத்தியால் அறுத்துக் கொடுத்தாள். மற்றப் பெண்கள் மறைத்து உட்கார்ந்தார்கள். இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டு வந்து மறுபடி உரித்தேன். அசையும்போதெல்லாம் சணல் அறுத்தது.

சாயங்காலம் நாங்கள் மடியை உதறிக் காட்டும் நேரத்தில், மேஸ்திரி அந்தக் கோணியைத் தூக்கிப் பிடித்தார்.

“எவடி இத அறுத்தவ? மரியாதையா சொல்லிடுங்க. இல்ல, எம் பொஞ்சாதிய வரச்சொல்லி ஒவ்வொருத்தியா சோதிக்கச் சொல்வேன்.”

எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் என் பக்கம் பார்க்கவில்லை.

“நான்தாங்க,” என்றாள் அம்மா. “ரெண்டு புடி மல்லாட்டைய அதுல கட்டி வேலிக்கு அந்தாண்ட போட்டேன்.”

“திருட்டுக் கழுத! வாயில போட்டுக்கினு போயிருந்தாகூட உட்ருப்பேன். மூட்டையே கட்னியா? நாளைலேர்ந்து இந்தப் பக்கம் தல காட்டாத.”

“பொண்ணு மட்டும் வரட்டுங்க. அதுக்கு ஒன்னும் தெரியாது.”

வழியில் அம்மா சொன்னாள்: “திருடின்னா கொஞ்ச நாள் பேசுவாங்க. இது தெரிஞ்சா உன்ன எந்தக் கெடங்குலடி சேப்பாங்க?”

மறுநாள் தனியாகப் போனேன். பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்தவள், துவைத்துத் துவைத்து நைந்த துணி ஒன்றை முறத்துக்கு அடியில் என் பக்கம் தள்ளினாள்.

“கோணி வேணாண்டி, புண்ணாயிடும். இத அலசி, சீலைக்கு அடியில போட்டுக் காயவை.”

மேஸ்திரி வருவதைப் பார்த்ததும் குரலை உயர்த்தினாள். “ஒங்கம்மா மாதிரி கைய நீட்டாம ஒழுங்கா உரிடி!”

பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்துவிட்டு நகர்ந்தார். எனக்குக் காது எரிந்தது. துணியை மடிக்குள் தள்ளிக்கொண்டேன்.

அந்தப் பருவம் முடியும்வரை கிடங்கில் எனக்குத் திருடி மகள் என்றே பேர். அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து போனேன்.