மறுநாள் திருவிழா

எங்கள் நிலக்கரிச் சுரங்கத்து டைம் ஆபீஸ் சுவரில், யாருக்கு எந்தக் கிழமை ஆஃப் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். பஞ்சாங்கத்தோடு அது ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. எழுபதுகளின் கடைசியில் நானும் எங்கள் போர்மேனும் ஆஃப் கிடைக்கிற நாளெல்லாம் கோயில் கோயிலாகச் சுற்றினோம். பார்த்ததெல்லாம் மறுநாள் திருவிழாதான். முத்தாண்டிக்குப்பம் பக்கம் தீமிதி என்று சைக்கிள் மிதித்தால், ஆறிய சாம்பலில் நாய் படுத்திருக்கும். பெண்ணையாற்றுத் திருவிழாவுக்குப் போனால் மணல் முழுக்கக் கரும்புச் சக்கை. போர்மேன் திருநெல்வேலிக்காரர், அலுத்துக்கொள்ள மாட்டார். "கூட்டம் இல்லாம நல்லாப் பாக்கலாம்லே" என்று ஒவ்வொரு தூணாகத் தடவிக்கொண்டு நிற்பார்.

ஒரு வருஷம் சித்திரையில் அவர் ரிடையர்டாகி மகனோடு பம்பாய்க்குப் போவதாக இருந்தது. அதற்குள் ஓடுகிற தேர் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். மாசி மகத்துக்கு விருத்தாசலத்தில் தேர். நான் அஞ்சாவதோடு நின்றவன். காண்ட்ராக்டில் மண் சுமந்து, சொந்த உழைப்பில் பர்மனெண்ட் ஆனவன். டைம் ஆபீசில் என் பேச்சு எடுபடும். "நானாச்சு சார்" என்று இரண்டு பேருக்கும் ஆஃப் மாற்றி வாங்கினேன்.

அன்று காலை நைட் ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வருகிறேன், அவர் வெள்ளை வேட்டியோடு நிற்கிறார். அவருக்கு மாற்றாக வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். போர்மேன் இல்லாமல் கரி போகிற பெல்ட்டை ஓட்ட முடியாது. மறுபடி காக்கியை மாட்டிக்கொண்டார். "நீயாவது போலே. பாத்துட்டு வந்து ஒண்ணு விடாமச் சொல்லு."

விருத்தாசலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ராத்திரியெல்லாம் விழித்த உடம்பு. அஞ்சு நிமிஷம் உட்காரலாம் என்று ஆற்றங்கரை மரத்தடியில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வெயில் மேற்கே இறங்கியிருந்தது. தேர் நிலைக்கு வந்துவிட்டிருந்தது.

அவர் அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலில் காத்திருந்தார். தூங்கிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் ஜாஸ்தி. வடம் பிடித்த கூட்டம், கலசத்தின் ஆட்டம் என்று அளந்துவிட்டேன். "கெளம்பும்போது எப்படிலே சத்தம் வரும்?" என்றார். எனக்குத் தெரிந்த பெரிய சத்தம் சுரங்கத்துச் சத்தம்தான். அதையே வாயால் போட்டுக் காட்டினேன். "நம்ம பெல்ட் லோடோட கெளம்புத மாதிரில்லா இருக்கு!" என்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்லே. பாத்தாச்சு" என்றார்.

சித்திரையில் பம்பாய் போனார். அங்கேயே இறந்துபோனார். நான் அவரிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை.

இன்று எனக்கு மாடி வீடு இருக்கிறது, பையனிடம் கார் இருக்கிறது, எல்லாம் நான் சம்பாதித்த வழியில் வந்தது. போன மாசியில் அவன் காரிலேயே விருத்தாசலம் போனேன். வடம் பிடிக்க ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. "கால் வலிக்குதுடா, வூட்டுக்குப் போலாம்" என்றேன். "என்னப்பா, தேர் இன்னும் கெளம்பவே இல்லியே" என்றான். போய்விடலாம் என்று காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். நான் சொன்ன தேரைத்தான் அந்த மனிதர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நிஜத் தேரைப் பார்த்துவிட்டால், அவரிடம் எதையெதை மாற்றிச் சொன்னேன் என்று எனக்குத் தெரிந்துபோகும்.