நம்பர் போடாத படங்கள்

என் தம்பி மகள் படக்கதை போடுகிறவள். எந்தக் கம்பெனியிலும் வேலையில்லை. தானே வரைந்து, தானே அச்சடித்து, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று எங்கே விழா நடந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போன மாதம் நுவரெலியாவில் கண்காட்சி வைத்தாள். என்னையும் கூட்டிப்போனாள். தரையில் அம்புக்குறி ஒட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை, மறுபக்கக் கதவால் நுழைந்துவிட்டேன். "அத்தை, அது கடைசிப் படம்! இப்படி வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு மாமா ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயே நின்று அவளிடம் சொன்னேன். அடுத்த தொகுப்புக்கு அதை எழுதித் தரச் சொன்னாள். நாலு பேருக்கு முன்னால் பேசத்தான் எனக்கு வாய் வராது. எழுதுவது பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. தேயிலைப் பெக்டரியில், பெட்டிகள் மேல் தோட்டத்துப் பெயரைக் கறுப்பு மையால் அடிக்கிற வேலை. மிஞ்சுகிற மையையும் கிழிந்த பெட்டித் தாளையும் வைத்துக் கதை வரைவார். அதில் ஒரு எழுத்துக்கூட இருக்காது. பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாத இடத்தில் எழுத்து எதற்கு என்பார். லிந்துலைப் பக்கம் எந்தத் தோட்டத்தில் திருவிழா என்றாலும் படங்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிடுவார். சாமி பார்க்க வந்தவர்கள் அதையும் பார்ப்பார்கள். ஒரு தோட்டத்தில் ஆடு வந்து நடுவிலிருந்த இரண்டு படத்தைத் தின்றுவிட்டது. கதையில் கல்யாணம் ஆகாமலே பிள்ளை பிறந்துவிட்டது என்று அங்கே ரொம்ப நாள் சிரித்தார்களாம்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தால், வரிசை வீடுகளைக் காலி செய்து லயம் லயமாக ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரிய மாமா குடும்பமும் போக எழுதிக் கொடுத்திருந்தது. சின்ன மாமா அவர்களோடு போகிறாரா, எங்களோடு இருக்கிறாரா என்பதுதான் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரே பேச்சு. அவரோ பிடி கொடுக்காமல் படம் வரைந்துகொண்டிருந்தார். அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கும் முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

"போறியா, இருக்கியா? ஒண்ணச் சொல்லித் தொலையேன்டா."

"திருவிழாவுக்குப் படத்துல சொல்றேன்க்கா."

"ஏன், வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

மாமா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். அம்மா அடுப்பை ஊதுகிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆற்றோரம், நாங்கள் இருந்த கீழ் லயத்துக்குப் பக்கத்தில். திருவிழாச் சாப்பாட்டுப் பந்தல் மேல் லயத்தையும் தாண்டி மைதானத்தில் போட்டிருந்தார்கள். நடுவில் நீளமான ஒரு படிப்பாதை. மேலே உள்ளவர்கள் சாமி கும்பிட இறங்கி வர வேண்டும், கீழே உள்ளவர்கள் சாப்பிட ஏறிப்போக வேண்டும். அந்தப் பாதையோரம்தான் மாமா கயிறு கட்டினார். காலையில் நான் மற்றப் பிள்ளைகளோடு பந்தலுக்கு ஓடியபோது வெறும் கயிறுதான் இருந்தது.

பூசை மணி கேட்டு இறங்கி வந்தேன். முதல் படத்துக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. கடல். மாமாவும் கடலைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எங்கள் பெக்டரியைத் தூக்கித் தண்ணீரில் மிதக்க விட்டதுபோல மாடி மாடியாகச் சன்னல்களோடு ஒரு கப்பல். பக்கத்தில், தலையில் தகரப் பெட்டியோடு ஒரு ஆள் எங்களைப் பார்த்தபடி நின்றான். பெட்டியின் நிழல் விழுந்து முகம் தெரியவில்லை. அடுத்த படத்தில் கோச்சி, ரயில் பெட்டி வாசலில் அதே ஆள். அப்புறம் ஸ்டேசன். அப்புறம் மூடுபனிக்குள் எங்கள் தோட்டத்து வளைவு ரோடு. கறுப்பு மையில் வெள்ளைப் பனியை எப்படித்தான் வரைந்தாரோ, கிட்டே போனால் குளிரும் போலிருந்தது. கடைசிப் படத்தில் எங்கள் காம்பராக் கதவு! கூரைத் தகரம் பறக்காமல் வைத்திருந்த கல்கூட இருந்தது. வாசலில் ஒரு பொம்பிளை. அவள் கையும் அவன் கையும் ஒரே கோப்பையைப் பிடித்திருந்தன. எனக்கு முன்னால் நின்ற ஒரு கிழவர் சாமிக்குப் போடுவதுபோலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

கோயிலில் அம்மாவைக் காணவில்லை, அதற்குள் கூட்டத்தோடு சாப்பிட ஏறிப் போய்விட்டாளாம். திரும்பவும் மேலே ஓடினேன். கப்பல் படத்துக்கு முன்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா! மாமா வந்துட்டாரு!"

"யாருடி வந்தா? அவன் போறான்."

"இல்லம்மா, கப்பல்ல வந்து, கோச்சில வந்து, நம்ம காம்பராவுக்கே வந்துட்டாரு. நீங்க வந்து பாருங்க."

எங்களுக்குப் பக்கத்திலேயே இதே சண்டை மூண்டுவிட்டது.

"வந்துட்டான்யா. ராசா மாதிரி வந்து எறங்குறான்."

"எங்கய்யா வந்தான்? கீழருந்து பாத்துக்கிட்டுத்தானே வாறேன். கப்பலேறிட்டான்."

"கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?"

"ஒனக்குத்தான் இன்னும் தண்ணி எறங்கல!"

சத்தம் கேட்டுக் கங்காணி வந்தார். மாமாவைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, கொழுந்துச் சாக்குக்கே நம்பர் இருக்கு. இதுக்கு ஒரு நம்பர் போடக் கூடாதா?"

"ஒங்க வீடு எந்தப் பக்கமுங்க, கங்காணி?"

"மேல."

"அப்ப அவன் வந்துட்டானுங்க."

கங்காணிகூடச் சிரித்துவிட்டார். சண்டை போட்ட இரண்டு பேரும், நீ என் பக்கமாக வா, நான் உன் பக்கமாக வருகிறேன் என்று மறுபடியும் ஏறி இறங்கினார்கள். நான் எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ, கணக்கே இல்லை. அதே படங்கள்தான். ஏறினால் ஒருத்தன் போய்விடுகிறான், இறங்கினால் வந்துவிடுகிறான். கோயிலில் தீ மிதித்தவர்களைப் பார்த்துக்கூட நான் அன்றைக்கு அவ்வளவு ஆச்சரியப்படவில்லை. மாமாவைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அம்மா மட்டும் சாப்பிடப் போகவில்லை. இறங்கி வந்து அந்தக் காம்பராப் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே, பாரு. கோப்பையில தேத்தண்ணி இருக்கா, குடிச்சு முடிச்சுட்டானா?"

எக்கி எக்கிப் பார்த்தேன். கோப்பையைப் பக்கவாட்டில்தான் வரைந்திருந்தார். உள்ளே தெரியவில்லை.

"தெரியலம்மா."

பின்னால் வந்து நின்ற மாமாவை அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"வேணும்னுதானே நம்பர் போடாம விட்ட?"

"போட்டா ஒரு பக்கம்தான்க்கா ஆகும்."



மறுநாள் மாமா படங்களை அவிழ்த்துக்கொண்டு வந்தார். தூறலில் ஓரமெல்லாம் மை கசிந்திருந்தது. அம்மாவின் மடியில் வைத்து, "பொஸ்தகமாத் தச்சுக் குடுக்கா" என்றார். அம்மா கோணி ஊசியில் நூல் கோத்தாள். படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்து வாசம் வந்தது, அவள் எழும்பவில்லை. பிறகு இடது ஓரத்தில் ஊசியைக் குத்தி, நெருக்கமாகத் தைத்து, மாமாவிடம் நீட்டினாள்.

மாமா திறந்தார். முதல் பக்கத்தில் கப்பல் இருந்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்டி, கடைசியில் எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார். அதில் விரலை வைத்தார்.

"அக்கா, இதுதான் மொதப் படம்."

"தெரியும்டா" என்று சொல்லி அம்மா மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மாமாவே சொல்றாருல்லம்மா, பிரிச்சுத் தைங்க" என்றேன்.

"இருக்கட்டும்."

மாமாவின் கையில் மையே இல்லை, ஆனாலும் கழுவ வெளியே தண்ணீர்ப் பீலிக்குப் போனார். ரொம்ப நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த மாதம் பெரிய மாமா குடும்பத்தோடு அவரும் கோச்சி ஏறினார், திரும்பி வரவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய வேடிக்கை ஒன்று நடந்துவிட்டதென்று நினைத்து லயத்துப் பிள்ளைகளிடம் ஓடினேன். எங்கம்மாவுக்கு மொதப் பக்கம் எதுன்னே தெரியல, பொஸ்தகத்தக் கடைசியிலருந்து தச்சிருச்சு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.