மச்சான் வாங்கித் தருவதாகச் சொன்ன பாஸ்

வளைகுடாவில் நாங்கள் தங்கியிருந்த கேம்பில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் தேவிகுளத்துக்காரருடையது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட மூத்தவர்தான், ஆனால் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "நீங்க வாயத் தொறக்காம இருக்கறதப் பாத்தா மரியாதை தானா வருதுண்ணே" என்று சிரித்தார்.

எனக்குப் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தமிழ் எழுதப் படிக்க வரும்; மலையாளம் பேச்சோடு சரி. ஊரில் கிணற்று மோட்டாரோடு மல்லுக்கட்டிய பழக்கத்தில் வளைகுடாவில் தண்ணீர் பம்ப் பார்க்கிற வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் எந்த நாட்டுக்குப் போனாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பேர்சியாதான். நானும் பேர்சியாக்காரன் ஆனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்புக்குப் பின்னால் மணலில் மலையாளிப் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். நான் யாரிடமும் சட்டென்று பேசுகிறவன் இல்லை. கடைக்குப் போய் ஒரு சாமானை இரண்டு தடவை கேட்டும் கடைக்காரர் காதில் விழவில்லையென்றால் வாங்காமலே வந்துவிடுவேன். கால்பந்து பார்க்கும்போது அந்தத் தொல்லை இல்லை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கத்தினாலும் எல்லோரோடும் சேர்ந்துதான் கத்துகிறோம். அப்படித்தான் அந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது.

தேவிகுளத்துக்காரரின் மகன் தோட்டத்து டீ பேக்டரியில் வேலை பார்த்தான். தோட்டத்து டீமில் லெஃப்ட் அவுட். அவன் சின்னவனாக இருந்தபோது லயத்து வாசலில் துணிப்பந்தை உதைத்ததைத்தான் அப்பா பார்த்திருக்கிறார். வளர்ந்து, பூட்ஸ் போட்டு, மைதானத்தில் இறங்கியதைப் பார்த்ததில்லை. அந்த வருடம் அவர்கள் டீமைப் பாலக்காட்டில் ஒரு டோர்ணமெண்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, அதுவும் அதே மாதத்தில்.

கிளம்புகிற அன்று என் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டித் தந்துகொண்டே சொன்னார்: "அண்ணே, எங்க வீட்டுக்கு நீங்க ஒண்ணும் கொண்டு போக வேணாம், அங்கேருந்து ஒண்ணும் கொண்டாரவும் வேணாம். எம்மவன் ஆடறத ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்து சொன்னாப் போதும்."

"எனக்கு ஆள் தெரியாதே."

"எடது ஓரத்துல ஒல்லியா ஒருத்தன் ஓடுவான். சோறு திங்கறது ஒண்ணுதான் அவனுக்கு வலது, மத்ததெல்லாம் எடதுதான். ஆட்டத்துக்கு முன்னாடி மட்டும் போய்ப் பேசிராதீங்க. அப்பா ஆள் அனுப்பியிருக்காருன்னு தெரிஞ்சா அவனுக்குக் கால் ஓடாது."

பம்பாய் வரை கப்பல், பிறகு ரயில். ஊர் வந்து சேர்ந்த இரண்டாவது நாளே, தேவிகுளம் மலைக்காரர்கள் டீமின் ஆட்டம் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. டிக்கெட் முன்கூட்டியே மைதானத்தில் விற்கிறார்களாம். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடியப் போகிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் மச்சானிடம் வாயைவிட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். வயல், தென்னந்தோப்பு, கடலைக்காடு எல்லாம் உள்ளவர். பக்கத்துச் சித்தூரிலிருந்து பாலக்காடு வரை அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. விதைக்கடலை வாங்க டவுனுக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். மைதானத்து ஓரத்தில் ஓலைத் தட்டி கட்டிய ஒரு கவுண்டர். நாலைந்து பேர்தான் நின்றிருந்தார்கள். "ஒரு டிக்கெட் வாங்கிக்கறேனுங்க மச்சான்" என்று அந்தப் பக்கம் திரும்பினேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, நல்லாயிருக்குதா இது? பேர்சியாவுல இருந்து வந்த மாப்பிள்ளை வெயில்ல வரிசையில நின்னாருன்னு நாலு பேரு சொன்னா எம் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறது?"

"பரவால்லீங்க, நாலு பேருதான் நிக்கறாங்க..."

"அதெல்லாம் வேண்டாமுங்க. கமிட்டியில நம்ம ரைஸ் மில்லுக்காரரு இருக்காரு. பாஸ் வாங்கிப்போடலாம். சேர்ல உக்காந்து, சோடா குடிச்சிக்கிட்டுப் பாக்கலாமுங்க. நான் பாத்துக்கறேன்."

அதற்குள் அந்த நாலு பேரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கவுண்டரில் இருந்தவன் சும்மா உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தான். திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்து வந்த ஒவ்வொரு நாளும் பாஸ் "நாளைக்கு" வருவதாக இருந்தது. மச்சானுக்கென்று நான் கொண்டு வந்த சிகரெட் லைட்டரை அவர் அந்த மில்லுக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னார். "கையில வாங்கினதும் மனுசன் சின்னப் பையனாட்டம் பத்த வெச்சுப் பத்த வெச்சுப் பாக்கறாருங்க. இனிப் பாஸ் வராம எங்க போகுது?"

மனைவியிடம் சொன்னேன், நீயாவது உன் அண்ணனிடம் சொல், எனக்குப் பாஸ் வேண்டாம், நானே ஒரு டிக்கெட் வாங்கிக்கொள்கிறேன் என்று.

"நானா? அப்புறம் அவரு இந்த ஊட்டுல ஒரு வாய் சோத்துக்குக் கைநனைப்பாரா?" என்றாள். "அண்ணன்தான் பாத்துக்கறேன்னு சொல்லிருச்சுல்ல. நீங்க எதுக்குக் கெடந்து தவிக்கறீங்க?"

வியாழக்கிழமை, சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன். சொந்தக் காசில் ஒரு டிக்கெட் வாங்கத் திருடனைப் போலப் போகிறேனே என்று வழியெல்லாம் எனக்கே எரிச்சலாக இருந்தது. கவுண்டரில் கொஞ்சம் கூட்டம். வரிசை நகர நகர, என்ன கேட்க வேண்டும் என்பதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் முறை வந்தது.

"காலரியோ கசேரயோ?" என்றான் உள்ளே இருந்தவன். மூங்கில் கட்டிய கேலரியா, நாற்காலியா என்று கேட்கிறான். நான் "காலரி" என்று வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது. எங்கள் ஊர் மாட்டு வியாபாரி.

"அட, நம்ம பேர்சியாக்காரரு! ஏனுங்க, உங்களுக்குத்தான் மச்சான் பாஸ் வாங்கிட்டாருன்னு சொன்னாங்களே? மொத வரிசையில சேரு, சோடா எல்லாம் உண்டாமா!" பிறகு வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "பாஸ் வெச்சுக்கிட்டு இவரு நம்மகூடக் கேலரியில உக்காரப் பாக்கறாருப்பா" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே இருந்தவன் "எத்ர வேணம்?" என்றான். ஒன்று என்று ஒரு விரலைக் காட்டியிருந்தாலே போதும். வாங்கினால் சாயங்காலத்துக்குள் இந்த மாட்டு வியாபாரி மச்சானிடம் போய்ச் சொல்லிவிடுவான். "சும்மா விசாரிக்க வந்தேன்" என்று முனகிவிட்டு விலகினேன். எனக்குப் பின்னால் நின்ற அவன் டிக்கெட் வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னை டீ குடிக்கக் கூப்பிட்டான். போய்க் குடித்தேன். சட்டைத் துணியைத் தையல்காரரிடம் கொடுக்க மறந்து அப்படியே திருப்பிக் கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மச்சான் வெள்ளைச் சட்டை போட்டு, செண்ட் தெளித்துக்கொண்டு வந்துவிட்டார். நேராக மில்லுக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் குளிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். காபியும் முறுக்கும் வந்தன. பிறகு, அவர் குளித்துவிட்டுப் பின்வாசல் வழியாகவே மைதானத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த மச்சான் கொஞ்சமும் அசரவில்லை. "பாத்தீங்களா, நமக்கு முன்னாடியே போயிட்டாரு. கேட்டுல நமக்காகக் காத்துக்கிட்டு நிப்பாருங்க."

கேட்டில் அவர் இல்லை. கவுண்டரை மூடி, இடம் இல்லை என்று எழுதிக் கட்டிவிட்டார்கள். கிழக்குக் காற்று மைதானத்துப் புழுதியை வாரி எங்கள் மேல் இறைத்தது. மச்சான் கேட்டுக்காரனிடம் மில்லுக்காரர் பெயரைச் சொன்னார், தன் பெயரைச் சொன்னார், என்னைக் காட்டிப் பேர்சியா என்று சொன்னார்.

"பாஸுண்டெங்கில் காணிக்கூ. இல்லெங்கில் மாறி நில்க்கூ சேட்டா" என்றான் அவன்.

ஒதுங்கி நின்றோம்; காட்டத்தான் பாஸ் இல்லையே. உள்ளே விசில் ஊதினார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது. மூங்கில் கேலரியின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது, பலகைகளுக்கு நடுவில் தொங்கும் கால்கள். அந்தக் கால்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இடது பக்கம் திரும்பும்போது, பந்து அந்த ஓரத்தில்தான் போகிறது, பையன்தான் ஓடுகிறான் என்று நினைத்துக்கொள்வேன். என்ன செய்தான் என்று தெரியாது. ஒரு "ஓ" வரும், அடங்கும்.

ஒரு ஆள் என் பக்கத்தில் வந்து, காற்றோடு பேசுவது போல, "காலரி ஒண்ணு இருக்கு" என்றான். பிளாக் டிக்கெட். என் கை தானாகப் பைக்குள் போனது. எவ்வளவு கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

மச்சான் எகிறினார். "ஏப்பா, ஆளப் பாத்துப் பேசு! நானிருக்கறப்ப எங்க மாப்பிள்ளை பிளாக்குல வாங்கறதா? போப்பா அக்கட்டால!"

"மச்சான், வாங்கிக்கறேனுங்க. ஆட்டம் போயிட்டிருக்குது."

"இருங்க மாப்பிள்ளை, இப்ப வந்துருவாருங்க. நான் பாத்துக்கறேன்னு சொன்னனா இல்லீங்களா?"

அந்த ஆள் இரண்டு அடி தள்ளிப் போய் வேறு ஒருவருக்கு அதை விற்றான். வாங்கியவர் என்னைக் கடந்து கேட்டுக்குள் போனார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல்லைக் கடித்ததில் வாயெல்லாம் மண் நறநறத்தது.

இடைவேளையில் மில்லுக்காரர் காற்று வாங்கக் கேட்டுப் பக்கம் வந்தார். என் லைட்டரால் சிகரெட்டைப் பற்ற வைத்தார். அந்தக் காற்றிலும் அது ஒரே தட்டில் பற்றியது. மச்சான் கம்பி வழியாகக் கூப்பிட்டார்.

"அடடே, நீங்களா!" என்றார் அவர். "பாஸ் எல்லாம் நேத்தே தீந்துபோச்சே. ஆளு பேர்சியாக்காரராச்சே, எப்பவோ டிக்கெட் வாங்கியிருப்பாருன்னு நெனச்சு நான் விட்டுட்டேன்."

"அப்பிடீங்களா" என்றார் மச்சான். அந்த ஒரு வார்த்தைதான். மில்லுக்காரர் உள்ளே போய்விட்டார். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல், வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல் என்றால் மீதி என் நாக்கின்மேல்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது கேட்டைத் திறந்துவிடுவது அங்கே வழக்கம். திறந்தார்கள். வெளியே நின்ற கூட்டத்தோடு நானும் ஓடினேன். முதுகுகளுக்கு இடையில் புகுந்து கோட்டோரக் கயிறு வரை போய்விட்டேன். மலைக்காரர்கள் ஒரு கோல் பின்னால் இருந்தார்கள். அது அவர்களுடைய இடது ஓரம். பந்து எங்கள் பக்கம் வெளியே வந்தது. அதை எடுக்க ஒல்லியாக ஒருவன் ஓடி வந்தான். முழங்கையில் பிளாஸ்திரி. பந்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் டவுசரில் துடைத்தான், முதலில் இடது, பிறகு வலது. எனக்கும் அவனுக்கும் நடுவில் அந்தக் கயிறு மட்டும்தான். பந்தை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தான். எறிந்த பந்து தரையில் குதிப்பதற்குள் கடைசி விசில் ஊதிவிட்டார்கள்.

தோற்றுவிட்டார்கள். ஜெயித்திருந்தால் அடுத்த ஆட்டத்துக்காவது வந்திருக்கலாம். இனிப் பேசலாமே, ஆட்டம்தான் முடிந்துவிட்டதே என்று கயிற்றைத் தாண்டினேன். அதற்குள் கூட்டம் மைதானத்தில் பாய்ந்தது. அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை. மச்சான் வந்து கையைப் பிடித்தார். "கடைசி பஸ் போயிருமுங்க மாப்பிள்ளை." பஸ்ஸில் பாதி வழி வந்ததும் சொன்னார்: "அடுத்த வருசம் நீங்க வர்றப்ப முன்னாடியே எழுதிப் போடுங்க. நான் பாத்துக்கறேன்."

லீவு முடிந்து கேம்புக்குத் திரும்பினபோது தேவிகுளத்துக்காரர் டீ போட்டு வைத்துக்கொண்டு, கட்டிலில் எனக்கு இடம் ஒதுக்கிக் காத்திருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவன் ஓடியதைப் பார்க்கவில்லை, பந்தைக் காலால் தொட்டதைக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னேன். கையைத் துடைத்ததையும் எறிந்ததையும் சொன்னேன்.

"அப்புறம்?"

"அப்புறம் விசில்."

தன் டம்ளரை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைத் தேற்றத் தொடங்கினார்.

"போகட்டும் விடுங்கண்ணே. அடுத்த வருசம் எனக்கு லீவு உறுதின்னு சொல்லிட்டாங்க. எங்க மச்சினன் இப்ப பாலக்காட்டு பஸ்ஸுல கண்டக்டரா இருக்காப்ல. எல்லா எடத்துலயும் ஆளு உண்டு. டிக்கெட்டெல்லாம் அவரு பாத்துக்குவாரு."

"யாரும் பாத்துக்க வேண்டாம்!" என்று கத்தினேன். "மச்சினன்கிட்ட மூச்சு விடாதீங்க! கவுண்டருக்கு நீங்களே போங்க, நீங்களே வரிசையில நில்லுங்க, நீங்களே கைய நீட்டி வாங்குங்க!"

சீட்டாடிக்கொண்டிருந்த மலையாளிப் பையன்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் அதுவரை என் சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

"சரிண்ணே, சரிண்ணே. நானே வாங்கிக்கறேன்" என்றார் தேவிகுளத்துக்காரர். என் டீ ஆறிப்போயிருந்தது. அதை எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"கையத் துடைச்சான்னீங்களே" என்றார். "அத மட்டும் இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னேன்.