பனித்தரையில் வெறுங்கால் தடம்

காலை 6.10. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் திருக்காட்டுப்பள்ளி வண்டி ஏறினேன். இருபத்தைந்து கிலோமீட்டர், இருபத்திரண்டு ரூபாய். சித்திரையில் ஏழு மணிக்கே சட்டை நனைகிற ஊரில் ஐஸ் ஹாக்கி அரங்கம் கட்டுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சிரித்துக்கொண்டுதான் அதைப் பற்றி எழுதக் கிளம்பினேன்.

7.15. கடைத்தெருவிலிருந்து ஆட்டோ, எண்பது ரூபாய். ஓட்டுநர் சிரிக்கவில்லை.

“உள்ள காலடி விழுதுங்க. ஆளை யாரும் பார்த்ததில்லை. பெயிண்ட் அடிக்க வந்தவங்க வேலையே வேணாம்னு போயிட்டாங்க.”

7.40. கதவைத் திறந்தவர் மோகன், அரங்கத்தின் சொந்தக்காரர். இருபது வருடம் கனடாவில் இருந்தவர். “வாட்ச்மேனைக் கேட்டா, வேற யாரும் வரலைங்கறார்” என்றார். தரை இருநூறு அடிக்கு நூறு அடி, நம் வயல் கணக்கில் ஒன்றரை மா நிலத்துக்குச் சற்றுக் குறைவு. இரவில் மெல்லிசாகத் தண்ணீர் விட்டு, உறைந்தபின் மேலே இன்னொரு படலம் விடுவார்களாம். நேற்று கரண்ட் போனதால் இன்று விடியலில்தான் விட்டிருந்தார்கள்.

உள்ளே முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம். கண்ணாடி போன்ற ஐஸுக்குள் குதிகாலும் ஐந்து விரல்களும் தெரிந்தன. ஒன்றின் அடியில் ஒன்றாகப் பல நாள் தடங்கள். நேராகப் போய், எதுவுமே இல்லாத நட்டநடுவில் சட்டென்று திரும்பின. அப்போது விளக்கு எரியாத மறுகோடியில் சளக், சளக் என்று சத்தம்.

வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து பார்த்தபடி ஓர் உருவம் வந்தது. காவல்காரர் சவரிமுத்து. மூன்று வருடம் முன்புவரை இது அவருடைய வயல். மகளை நர்ஸ் வேலைக்கு வெளிநாடு அனுப்ப விற்றார்.

“என்ன பண்றீங்க இங்க?” என்றார் மோகன்.

“தண்ணி வச்சா வரப்பைச் சுத்தி வரணும்லங்க. நண்டு வளை இருந்தா எல்லாம் வடிஞ்சுடுமே.”

“செருப்பாவது போட்டுக்கக் கூடாதா?”

“வயல்லயா?”

அவர் காலைப் பார்த்தேன். வலது பெருவிரல் கறுத்திருந்தது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தோல் ஐஸோடு ஒட்டி உரிந்து வந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பயந்துபோனேன். என் அப்பாவுக்கும் சர்க்கரை இப்படித்தான் காலில் தொடங்கியது.

“வலிக்கலையா உங்களுக்கு?” என்று கத்திவிட்டேன்.

அவர் குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நெலத்தை வித்ததுலேருந்து காலுக்கு ஒண்ணும் தெரியலைங்க. அதுக்கு எம்மேல கோவம்னு நெனச்சேன்.”

8.20. அதே ஆட்டோவில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, அறுநூறு ரூபாய். என் துண்டில் சுற்றிய அவர் கால் என் மடியில் இருந்தது. சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. விரல் போய்விடும், காலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

மாலை வீடு திரும்பியதும் குளியலறைத் தரையில் வெறுங்கால் வைத்தேன். சில்லென்று இருந்தது. இன்னொரு காலையும் வைத்துப் பார்த்தேன்.