மாமா பெல் அடித்தாரா?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். மலைநாட்டில் சைக்கிள் வாங்குகிறவனைப் பார்த்தால் ஊரே சிரிக்கும். போகும்போது அது நம்மை இழுத்துக்கொண்டு ஓடும், வரும்போது நாம் அதை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். இதற்கு ஒரு மாட்டை வாங்கியிருந்தால் பாலாவது கிடைத்திருக்கும் என்பது அப்பாவின் கட்சி. மாமாவுக்கு வேறு வழியில்லை. அம்மாவின் தம்பியான அவர் ஹட்டன் டவுனில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறை திறக்கிற நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. தேயிலைக் கூடையை விட்டுவிட்டு டவுனில் ஒரு தொழில் கற்றுக்கொண்ட முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான். அதனால் அந்தச் சைக்கிளுக்கும் எங்கள் வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. மழை வந்தால் முதலில் அதைத்தான் உள்ளே எடுப்பார்கள், பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். காலையில் என்னை முன்பாரில் உட்கார வைத்துக்கொண்டு மாமா இறங்குவார். வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்திலிருந்து மெயின் ரோடு வரை ஒரே இறக்கம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் கல் பெயர்ந்த தோட்டத்து ரோடு. ரோடு முடிகிற இடத்தில் என் பள்ளிக்கூடம். ஈரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதால் மாமா ஒரு வேலை செய்திருந்தார். கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் தேயிலைக் குச்சிகளை, அதாவது அடுப்புக்கு எடுக்கிற மிலாறை, பெரிய கட்டாகக் கட்டிக் கயிற்றில் கோத்துச் சைக்கிளின் பின்னால் மாட்டிவிடுவார். அது தரையை உரசிக்கொண்டே பின்னால் வரும். சைக்கிள் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாக இறங்கும். கல்லும் மிலாறும் உரசுகிற சத்தம் அடுத்த மலை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் ரோட்டில் நடக்கிறவர்கள் தானாக ஒதுங்கிவிடுவார்கள்.

அந்த ஏற்பாட்டுக்கு எமனாக வந்தது பெண்களின் பாதம். தோட்டத்தில் பெண்கள் செருப்பில்லாமல்தான் நடப்பார்கள். மாமாவின் மிலாறு உடைந்து வழியெல்லாம் சிதறிக் கிடந்தது. பின்னால் கூடையோடு வருகிறவர்களின் உள்ளங்காலில் அந்தக் குச்சிகள் ஏறின. முதலில் சண்டைக்கு வந்தவர் பெரியம்மாதான்.

பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவர். பெரியப்பா செத்துப்போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளோடு எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார். அவர் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். ரகசியம் சொன்னால்கூட அடுத்த லயத்துக்குத் தெரிந்துவிடும். நாங்கள் பிள்ளைகள் அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்போம். அன்றைக்கும் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வாசலில் நின்று கத்தினார்.

"ஏன்டா தம்பி, ஒன் சைக்கிளு பத்திரமா எறங்குது. எங்க காலுல்ல பஞ்சராகுது!"

எல்லாரும் சிரித்தார்கள், மாமாவும் சிரித்தார். ஆனால் பேச்சு தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையின் காதுக்குப் போய்விட்டது. கொழுந்து லொறியின் டிரைவரும் தன் பங்குக்கு, ரோட்டையே கீறிப் பாழாக்குகிறான் என்று சொல்லி வைத்தார். மிலாறு கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. யார் பேரிலும் பிழை சொல்ல முடியாது. காலில் குச்சி ஏறினால் வலிக்கத்தானே செய்யும்.

மாமா புது பிரேக் கட்டை போட்டார். கூடவே பெரிய பெல் ஒன்றும் வாங்கி மாட்டினார். அதை அடிக்க விடச் சொல்லி நான் எத்தனையோ நாள் கெஞ்சினேன். பெல் விளையாட்டுச் சாமான் இல்லை என்று சொல்லி என் கையைத் தட்டிவிடுவார். ரோடு வளைகிற ஒவ்வொரு முடக்கிலும் அவரே ஒழுங்காக அடிப்பார்.

அந்தக் காலை நல்ல மூட்டம். தூறலும் இருந்தது. பேர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற பெண்கள் முன்னமே இறங்கிப் போய்விட்டார்கள். பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வந்ததால் பிந்திப்போன பெரியம்மா மட்டும் தலையில் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு நடு ரோட்டில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். முடக்கில் திரும்பும்போதே மாமா பெல் அடித்தார். மூட்டத்துக்குள் ஓர் உருவம் தெரிந்ததும் விடாமல் அடித்தார். "அக்கா! அக்கா!" என்று கத்தினார். உருவம் திரும்பவேயில்லை. பிரேக்கை அமுக்கினார், சைக்கிள் வழுக்கியது. ஹேண்டில் பெரியம்மாவின் முதுகில் இடித்தது. பெரியம்மா ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்தார், நாங்கள் அவருக்குப் பக்கத்தில் விழுந்தோம். எனக்கு முழங்கால் சிராய்ப்பு. பெரியம்மாவுக்கு முழங்கை விலகிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மாமா அவரைத் தூக்கிக்கொண்டே ஓடினார்.

சாயங்காலம் தொழிற்சங்கத் தலைவர் வீட்டு வாசலில் விசாரணை. தோட்டத்தில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள், வாய் இருந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். லொறி டிரைவர், "இவங்க நடு ரோட்டுல ஊர்வலமால்ல போறாங்க. நான் ஹோன் அடிச்சாலே ஆடி அசைஞ்சுதான் ஒதுங்குவாங்க" என்றார். பெண்கள் விடவில்லை. "நாங்க பொறந்ததுல இருந்து நடக்குற ரோடு இது. நேத்து வந்த சைக்கிளுக்கு நாங்க கான்ல எறங்கி நடக்கணுமோ?" என்று ஒரு குரல் வந்தது. இளவட்டங்கள் மாமா பக்கம். கணக்கப்பிள்ளை தோட்டத்தை நடத்துகிற துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். யார் மேல் பிழை என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று என்னைக் கூப்பிட்டார்.

"நீதானே முன்னால இருந்த? உண்மையச் சொல்லு. மாமா பெல் அடிச்சாரா?"

"ஆமாங்க. முடக்குல இருந்தே அடிச்சாரு. விடாம அடிச்சாரு. கத்தக்கூட செஞ்சாரு" என்றேன். மாமாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் என் குரல் ஓங்கியிருந்தது.

கணக்கப்பிள்ளை பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். "அவ்வளவு அடிச்சும் கேக்கலையா ஒனக்கு? என்னா, காது ஏதும்…"

பெரியம்மா கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு கணக்கப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பெரியம்மாவைப் பார்த்தார்.

"இல்லீங்கய்யா" என்றார் மாமா. "புள்ள என்னையக் காப்பாத்தப் பாக்குது. நான் பெல் அடிக்கல."

"அடிச்சீங்க மாமா!" என்று நான் அலறினேன்.

"சும்மா இரு. பெரியவங்க பேசுற எடத்துல பொய் பேசாத."

கூட்டம் சிரித்தது. அம்மா என் காதைத் திருகி இழுத்துக்கொண்டு போனார். எனக்கு முழங்கால் காயம்கூட அப்படி எரியவில்லை. தோட்டத்து ரோட்டில் மாமா இனிச் சைக்கிள் ஏறக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மாமா தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பொய்க்காரி என்று பேர் வந்தது. மாமா கணக்கப்பிள்ளைக்குப் பயந்துவிட்டார் என்றே நான் முடிவு செய்தேன். அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்குவார், நான் பத்தடி தள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன்.

தள்ளிக்கொண்டு போனதில் நேரம் போயிற்று. பட்டறை முதலாளி சில வாரம் பொறுத்தார், பிறகு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். மாமா கொழும்புக்குப் போனார். அந்தக் காலத்துக் கொழும்பில் தமிழ்ப் பையன்களைப் பொலிஸ் அடையாள அட்டை கேட்டுப் பிடித்து வைப்பது வழக்கமாக இருந்தது, மாமாவும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கடை வேலை, கலியாணம், பிள்ளைகள் எல்லாம் அங்கேயே ஆயிற்று. கடைசியில் நெஞ்சு வலி வந்து இறந்துபோனதும் அங்கேதான். தச்சு வேலையை அவர் மறுபடி தொடவேயில்லை.

அதற்கும் பிறகுதான், வேலையிலிருந்து நின்று வயதாகிவிட்ட பெரியம்மாவிடம் ஒருநாள் காதருகே போய்க் கத்திக் கேட்டேன். அன்றைக்கு மாமா பெல் அடித்தாரா இல்லையா என்று.

"அடிச்சிருப்பான்டி. அடிக்காம வர்ற ஆளா அவன்?" என்றார். "சின்னவ பொறந்தப்பவே எனக்குக் காது போச்சு. வாயப் பாத்துத்தான் சமாளிச்சேன். அந்த மிலாறு இழுவுற சத்தம் மட்டும் எப்படியோ கேக்கும். அதையும் நான்தானே நிப்பாட்டச் சொன்னேன்." அப்புறம் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு" என்றார்.

அந்த விசாரணை நடந்தது கம்பெனிகள் தோட்டங்களைப் பொறுப்பெடுத்திருந்த காலம். உடம்புக்கு முடியாதவர்களின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டப் போகிறார்கள் என்று லயமெல்லாம் பேச்சாக இருந்தது. தோட்டத்தில் பேர் இருந்தால்தான் லயத்தில் வீடு. பெரியம்மாவின் வீட்டில் வேறு யாருக்கும் பேர் இல்லை. இந்தப் பேர் விஷயம் விசாரணைக்குக் கூடியிருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் பெல் மட்டும்தான்.

மாமா கொழும்பு பஸ்ஸுக்கு நின்ற காலையில் அம்மா அழுதுகொண்டிருந்தார். பெரியம்மா மாமாவின் பையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க மனமில்லாமல் நின்றார். மாமா என் முன்னால் குனிந்தார்.

"இன்னமும் மாமா மேல கோவமா?"

"ஏன் பொய் சொன்னீங்க? அதனாலதானே சைக்கிள் போச்சு?"

"சைக்கிளு போனா போவுதும்மா. வீடு போனா என்னா செய்றது?"

நான் மலையைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் லயம் இருந்த இடத்திலேயே இருந்தது, கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வீடு எங்கே போயிற்று? கேட்டதற்குப் பதில் தெரியாமல் மாமா ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். பஸ் கிளம்பியதும் அவர் ஜன்னலில் எட்டிக் கைகாட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.